சில்லுப் பலகை

பம்பாயில் செம்பூர் மாகுல் ரோட்டில் இருந்த பீப்பாய்க் கம்பெனிக்குள் அந்தச் சேதி எப்படி நுழைந்தது என்று கேட்டால், நேரில் கண்டதாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஃபோர்ட்டில் இருந்த ஹெட் ஆபீசில் லிஃப்ட் ஓட்டுகிறவர் தன் காதால் கேட்டாராம். அவர் கல்யாண் போகும் ரயிலில் கேன்டீன்காரரிடம் சொன்னாராம். கேன்டீன்காரர் பிட்டர் பிச்சையாவிடம் சொல்ல, பிச்சையா கையில் இருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் நேரே மெயின்டனன்ஸ் ஆபீசுக்கு வந்து, ஏஞ்சலம்மாளின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஹெட் ஆபீசுல கம்ப்யூட்டர் வாங்கிட்டாவளாம் ஏஞ்சலு. எந்த மெசினு எந்தத் தேதியில படுக்கும்னு அதுவே முன்கூட்டிச் சொல்லிருமாம்."

"மெசினுக்கும் ஜாதகம் எழுத ஆரம்பிச்சிட்டாங்களா அண்ணாச்சி?"

"சிரிக்காத. ஜாதகம் கையில வந்தப்பொறம் கிளார்க்கு எதுக்குன்னு கேக்காவளாம். உன் செக்ஷன மூடிட்டு உன்னைய ஹெட் ஆபீசு டைப்பிங்குக்கு இழுத்துருவாவளாம். லிஃப்ட்டுக்காரன் சொல்லியிருக்கான்."

ஏஞ்சலம்மாள் சிரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் டைப்ரைட்டரில் செருகியிருந்த தாளில் அதற்குப் பிறகு அடித்த மூன்று வரிகளிலும் பிழை விழுந்தது. அது 1985 டிசம்பர்.

அந்தக் கம்பெனியில் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தாள். தாராவியில் பிறந்தவள்; அப்பா இடிந்தகரையிலிருந்து பிழைக்க வந்தவர். ஏழாவது வரை முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தாள். அதற்கு மேல் தமிழில் வகுப்பு இல்லாததால் மாஹிமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இங்கிலீஷ் பள்ளியில் போய் விழுந்தாள். முதல் வருஷம் கணக்கைத் தமிழில் போட்டு விடையை மட்டும் இங்கிலீஷில் எழுதுவாள். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. கம்பெனி ரிஜிஸ்டர் எல்லாம் இங்கிலீஷ். ஓரத்தில் பென்சிலால் அவள் போட்டுக்கொள்ளும் குறிப்புகள் எல்லாம் தமிழ்.

சேர்ந்த புதிதில் மெயின்டனன்ஸ் பிரிவில் திட்டம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. மெசின் நின்றால் ஓடுவார்கள். நிற்காவிட்டால் டீ குடிப்பார்கள். தகட்டை வெட்டுவது, உருட்டுவது, ஓரத்தைப் பற்றவைப்பது, விளிம்பை மடிப்பது, மூடியைப் பொருத்துவது என்று ஒரு லைனுக்குப் பதினோரு மெசின். அப்படி இரண்டு லைன். ஒன்று நின்றால் மற்ற பத்தும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எந்த மெசின் எப்போது நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தவள் ஏஞ்சலம்மாள்தான். யாரும் கேட்டு எழுதவில்லை. மேனேஜர் தாம்லே சாகேப் ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, டைப்ரைட்டரை அப்படியே வைத்துக்கொள், ஆனால் இனி உன் வேலை இதுதான் என்றார். அப்படித்தான் பம்பாயில் எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத ஒரு வேலைக்கு அவள் ஆளானாள்.

அதன்பின் அவள் முயன்று பார்க்காத முறை இல்லை. முதலில் வருஷ சார்ட்: சுவர் நீளத்துக்கு ஒட்டி, கலர் பின் குத்தி, இன்ன வாரம் இன்ன மெசினுக்கு எண்ணெய் என்று. மழைக்காலத்தில் சுவர் ஓதம் வாங்கி பின்கள் துருப்பிடித்து விழுந்தன. பிறகு அட்டைகள்: மெசினுக்கு ஒரு அட்டை, வாரத்துக்கு ஒரு பெட்டி. அட்டை இங்கிலீஷில் இருந்தது. ஏழு பிட்டர்களில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவர். மராத்தியில் எழுதினால் நாலு பேர், தமிழில் எழுதினால் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவரான பிச்சையா கண்ணாடி போட மறுத்துவந்தார். அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சோப்பு நுரையோடு மறுநாள் திருப்பிக் கொடுப்பார்கள். தாம்லே சாகேப் ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் இரண்டு வாங்கிக் கொடுத்தார். பற்றவைக்கும் மெசினில் மாட்டிய மீட்டரின் கண்ணாடி அதிர்ச்சி தாங்காமல் இரண்டாம் மாதம் உதிர்ந்தது. இன்னொன்று மெசினின் முதுகுப்பக்கம் இருந்ததால் அதைப் படிக்க ஒருவர் படுக்க வேண்டியிருந்தது.

வழி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அவள் கணவன் சந்தியாகு மாட்டுங்காவில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்: "எங்க ஒர்க்‌ஷாப்புல யாரு ரிஜிஸ்டரப் பாக்கா? மறுபடி எப்ப ஒர்க்‌ஷாப்புக்கு வரணும்னு பெட்டி மேலயே பெயின்ட்ல எழுதியிருக்கும். பெட்டி தன் தேதியைத் தானே சுமந்துக்கிட்டுப் போவும்."

"தேதி எனக்கு உதவாதுங்க. எங்க மெசினு ஒரு மாசம் ரெண்டு ஷிப்ட் ஓடும், ஒரு மாசம் தகடு வராம சும்மா கெடக்கும். தேதி ரெண்டுக்கும் ஒண்ணுதான."

"அப்ப ஓடினத எண்ணு."

"எதை வச்சு எண்ண?"

சந்தியாகு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முள். ஏஞ்சலம்மாள் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கை கழுவாமல் எழுந்து போய்ப் பென்சிலைத் தேடினாள்.

பீப்பாய் மூடியில் எண்ணெய் ஊற்ற ஓட்டை போடும்போது பிரஸ்ஸுக்கு அடியில் வட்டவட்டமாகச் சில்லுகள் விழும். எட்டணாக் காசு அகலம். கழிவு என்று மூட்டையில் கட்டிப் போடுவார்கள். அவள் பிச்சையாவைக் கொண்டு ஒரு மரப்பலகையில் நிற்கிற வாக்கில் பதினோரு தகரக் குழல்களை அடிக்கச் சொன்னாள். குழலின் முன்பக்கம் நெடுக விரல் நுழையும் அளவுக்குத் திறப்பு. மெசின் ஒரு ஷிப்ட் முழுக்க ஓடினால், ஓட்டியவரே ஷிப்ட் முடிவில் தன் மெசினின் குழலில் ஒரு சில்லைப் போடவேண்டும். ஓடாவிட்டால் போடக்கூடாது. சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, குழலில் வரைந்த சிவப்புக் கோட்டைத் தொட்டால் அந்த மெசினைக் கழற்றிப் பார்த்து எண்ணெய் போடும் வேளை வந்துவிட்டது. பிட்டர் வேலையை முடித்துவிட்டுச் சில்லுகளை அள்ளி டப்பாவில் போடுவார். படிக்க ஒன்றுமில்லை. கண்ணாடியும் தேவையில்லை.

கோட்டை எங்கே வரைவது என்பதில்தான் அவள் புத்தி இருந்தது. நோட்டிலிருந்து ஒவ்வொரு மெசினும் ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே எத்தனை ஷிப்ட் ஓடியது என்று எண்ணினாள். அதில் மிகக் குறைந்ததை எடுத்து, அதிலும் கால் பங்கைக் கழித்தாள். உருட்டும் மெசினுக்கு நாலு விரல் உயரத்தில் கோடு. பற்றவைக்கும் மெசினுக்கு இரண்டு விரல். மெசின்களுக்குத் தனியாக, அவற்றை ஓட்டும் மின்மோட்டார்களுக்குத் தனியாக இன்னொரு வரிசை. மோட்டார் வரிசையில்தான் இடறினாள். அதற்குக் கணக்கு பிடிபடவே இல்லை. ஒரு மோட்டார் நானூறு ஷிப்ட் ஓடிப் பழுதாகும். அதே மோட்டார் அடுத்த தடவை நாற்பதில் போய்விடும். அந்த வரிசைக் குழல்களை மட்டும் கோடில்லாமல் விட்டுவிட்டாள். காலையில் உள்ளே வரும்போதெல்லாம் அந்த வெற்றுக் குழல்கள் தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

பலகை இரண்டாவது லைனில் மாட்டி ஆறு மாதம் ஆகியிருந்தபோதுதான் அந்த வதந்தி வந்தது. வதந்தி பாதி உண்மை. ஜனவரியில் ஹெட் ஆபீசிலிருந்து ஷ்யாமளா என்ற பெண் வந்தாள். இருபத்தைந்து வயது, கம்ப்யூட்டர் படிப்பு, காட்டன் புடவை, கையில் பச்சை வரி போட்ட நீளக் காகிதக் கட்டு. தாம்லே சாகேபின் அறையில் அவளும் ஏஞ்சலம்மாளும் இங்கிலீஷில் கால் மணி நேரம் பேசினார்கள். ஏஞ்சலம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் இலக்கணம் பார்த்துப் பார்த்து வெளியே விட்டாள். பிறகு பலகையைக் காட்டக் கூட்டிப்போனபோது, ஷ்யாமளா குழலுக்குள் எட்டிப் பார்த்து, தனக்குத்தானே, "நன்னா பண்ணியிருக்காளே" என்றாள்.

"நீங்க தமிழா?"

"மாட்டுங்கா. நீங்க?"

"தாராவி."

நடுவில் ஒரு ரயில் தண்டவாளம்தான். இருவரும் கொஞ்சம் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் ஷ்யாமளா ஒளிக்கவில்லை.

"நேரடியாச் சொல்லிடறேன். ஒரு வருஷம் சோதனை. முதல் லைன் என் காகிதப்படி, ரெண்டாவது லைன் உங்க பலகைப்படி. டிசம்பர்ல எந்த லைன் கம்மி மணி நேரம் நின்னிருக்கோ அதோட முறையை ரெண்டுக்கும் வச்சுப்பா. காகிதம் ஜெயிச்சா இங்க பிளானிங் தனியா வேண்டாம்கறா. நான் கேட்டுண்டு வரலை, அவா சொன்னதைச் சொல்றேன்."

"நான் டைப்பிங்குக்கா?"

"அப்படித்தான் பேச்சு."

ஏஞ்சலம்மாள் அன்று சயான் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டாள். டைப்பிங் கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. பதின்மூன்று வருஷ நோட்டை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்பதுதான் நெஞ்சில் கிடந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத நோட்டு.

சோதனை தொடங்கியது. சனிக்கிழமை விவரத் தாள்கள் ஃபோர்ட்டுக்குப் போகும். புதன்கிழமை, எந்த மெசினுக்கு எந்தத் தேதியில் வேலை என்று அச்சடித்த காகிதம் வரும். முதல் லைனில் பற்றவைக்கும் மெசினை ஓட்டிய மன்சூர் அலி கடையநல்லூர்க்காரன், வாய் ஓயாதவன். காகிதத்தை ஒரு பதாகையைப் போல விரித்துப் பிடித்துக்கொண்டு, "எக்கா, எங்க லைனு படிச்ச லைனு. உங்க லைனு சில்லு வெளையாடுத லைனு" என்பான்.

"வெளையாட்டுல ஜெயிக்கணும்ல மன்சூரு. பாத்து நில்லு."

ஜூலையில் தகடு வரத்து நின்று இரண்டு லைனும் மூன்று வாரம் சும்மா இருந்தன. தேதி வந்துவிட்டதால் முதல் லைனில் ஓடாத மெசினின் நல்ல எண்ணெயை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினார்கள். இரண்டாவது லைனில் சில்லு ஏறவில்லை; ஒருவரும் எதையும் தொடவில்லை. செப்டம்பரில் தகடு குவிந்து இரண்டு ஷிப்டும் ஞாயிறும் ஓடியபோது சில்லுகள் மளமளவென்று கோட்டைத் தொட்டன; சாப்பாட்டு நேரத்திலேயே பிச்சையா வேலையை முடித்தார். முதல் லைனில் தேதி வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போதே மன்சூர் அலியின் மெசின் பேரிங் இறுகி நின்றது. அவன் காகிதத்தை மடித்து ஸ்டூலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

ஆனாலும் ஏஞ்சலம்மாளுக்கு நிம்மதி இல்லை. வருஷா வருஷம் மோட்டார்கள் போகும் காலம் இனிமேல்தான். இரண்டு மோட்டார் சேர்ந்தாற்போல் போனால் அதுவரை மிச்சம் பிடித்த மணி எல்லாம் ஒரே வாரத்தில் கரைந்துவிடும். ஷ்யாமளாவிடம் கேட்டு, நாலு வருஷ மோட்டார் பழுதுகளை மாதவாரியாகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாள். ஒரு வருஷம் அக்டோபர் நடுவில், ஒரு வருஷம் நவம்பரில். ஒழுங்காக ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

செப்டம்பர் கடைசியில், ஷிப்ட் கணக்கைச் சரிபார்க்கப் பழைய வருகைப் பதிவேடுகளைத் தன் நோட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள். பதிவேட்டில் விடுமுறை நாளுக்குச் சிவப்பு மை. ஒரு மோட்டார் பழுதின் தேதியில் விரலை வைத்தாள். அதிலிருந்து பன்னிரண்டு நாள் முன்னால் ஒரு சிவப்பு. அடுத்த வருஷம், வேறு மாதம். பதினைந்து நாள் முன்னால் ஒரு சிவப்பு. அதற்கடுத்தது, பத்து நாள். அது எந்த விடுமுறை என்று தெரிந்துகொள்ள அவளுக்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. இங்கிலீஷ் தேதியில் வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே இருப்பது. தசரா.

கம்பெனியில் தசராவுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பிச்சையாதான் முன்னின்று நடத்துவார். மெசின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பிறகு கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பேரிங்குக்கும் வயிறு நிறையப் போடுவார். அவர் போட்டதும், தன் மெசினுக்குத் தன் கையால் போடவேண்டும் என்று ஓட்டுகிறவர் ஒரு அழுத்து அழுத்துவார். அடுத்த ஷிப்ட்காரர் ஒன்று. உதவியாள் ஒன்று. மராத்திக்காரர், மன்சூர் அலி, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாருமே. மூன்று அழுத்து போதுகிற மோட்டாருக்கு இருபது விழும். வருஷம் பூரா உழைத்த மெசினுக்கு மனதாரக் கொடுப்பதில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இதை எப்படிச் சொல்வது? மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண் பூஜையில் குறை கண்டுபிடித்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் பலகையைக் கழற்றிச் சுள்ளியாக்கிவிடுவார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிச்சையாவிடமே போனாள்.

"அண்ணாச்சி, போன வருசம் போன மோட்டாரு ஒண்ணு மூலையில கெடக்குல்லா. அதைக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

"அது செத்து வருசமாச்சு. இப்ப என்ன போஸ்மார்ட்டம்?"

"சும்மா தொறங்க."

பின்மூடியைக் கழற்றினார். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் தெரியவில்லை. கிரீஸ் பிதுங்கி வழிந்து, தூசியோடு குழைந்து, கறுத்துப் போன அல்வா மாதிரி, சூடு வெளியே போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. ஏஞ்சலம்மாள் நோட்டையும் பதிவேட்டையும் அதற்குப் பக்கத்தில் வைத்து, விரலால் நாட்களை எண்ணிக் காட்டினாள். பிச்சையா எல்லாவற்றையும் பார்த்தார்.

"அப்ப, நான் போட்ட கிரீஸாலதான் மோட்டாரு செத்துச்சுங்கியா?"

"கூடிப் போச்சுங்கேன். வேற ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"இருவத்திரண்டு வருசமாப் போடுதேன். ஒரு பய சொன்னதில்ல."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றும் மறுநாளும் டீ வந்தபோது அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். ஏஞ்சலம்மாள் வீட்டில் சந்தியாகுவிடம், "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள். அவன், "மோட்டாரு வாயை மூடாதே" என்றான்.

மூன்றாம் நாள் காலையில், அவள் வருவதற்கு முன்பே பிச்சையா மேசைக்கு எதிரே நின்றிருந்தார். மூக்கில் கண்ணாடி. கையில் கிரீஸ் கன்.

"ஏஞ்சலு, பூசையன்னைக்கு ஆயுதத்த எடுத்து வேலை பாக்கலாமா?"

"பாக்கக்கூடாதும்பீங்க. படத்துக்கு முன்ன வச்சிருவீங்க."

"இது ஆயுதமா இல்லையா?" கிரீஸ் கன்னை மேசையில் வைத்தார். "ஸ்பேனர வச்சேன், சுத்தியல வச்சேன், உளிய வச்சேன். இதை மட்டும் கையில தூக்கிக்கிட்டு மெசின் மெசினாச் சுத்தியிருக்கேன். இருவத்திரண்டு வருசமா நான் பூசையத் தப்பால்லா பண்ணியிருக்கேன். இந்த வருசம் மொத ஆளா இதுதான் மாலை போட்டு உக்காரப் போவுது. ரெண்டு நாளு எவனும் தொடப்புடாது."

ஏஞ்சலம்மாள் கிரீஸ் கன்னைத் தன் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாருக்கும் தன் மெசினுக்குத் தன் கையால ஏதாவது செய்யணும்னு இருக்குமே அண்ணாச்சி."

"துணியக் குடு. மோட்டாரு விலாவுல தூசி அப்பிக் கெடக்கு. ஆளுக்கு ஒரு வரி தொடைக்கட்டும். அதுக்குக் காத்துப் பட்ட மாதிரியும் ஆச்சு, இவனுக்குக் கையப் போட்ட மாதிரியும் ஆச்சு."

அந்தத் தசராவில் இரண்டாவது லைன் அப்படித்தான் பூஜை செய்தது. கிரீஸ் கன் சாமந்தி மாலையோடு படத்தின் காலடியில் சாய்ந்திருந்தது. மோட்டார்களின் விலாக்கள் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தன. முதல் லைனிலும் சொல்லிப் பார்த்தாள். சோதனை நடுவில் முறையை மாற்றாதே என்றார் தாம்லே சாகேப். மன்சூர் அலி சொன்னது வேறு: "எக்கா, உங்க பேச்சு உங்க லைனோட. எங்க காகிதத்துல கிரீஸ் போடாதேன்னு போடல." என்றுமில்லாத வழக்கமாக இரண்டு அழுத்து கூடவே அழுத்தினான்.

பதினோராம் நாள் முதல் லைனில் ஒரு மோட்டார் போனது. பதினாறாம் நாள் இரண்டு. இரண்டாவது லைனில் நவம்பர் முடியும்வரை ஒன்றும் போகவில்லை. ஏஞ்சலம்மாள் ஒவ்வொரு நாளும் காலையில் பதினோரு மோட்டார் மேலும் கையை வைத்துப் பார்ப்பாள். கைக்கு இதமாகத்தான் இருந்தன. டிசம்பர் முதல் தேதி, தசராவை ஒட்டிய பழுதுகளைத் தள்ளிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டு, கோடில்லாமல் இருந்த அந்தக் குழல்களில் தானே சிவப்பைத் தொட்டுக் கோடு போட்டாள். பதினோரு கோடும் ஒரே உயரத்தில் வந்தன. இத்தனை வருஷம் பிடிபடாமல் ஆடிக்கொண்டிருந்த கணக்கு அசையாமல் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் துணி தேடாமல் முந்தானையால் பிரஷைத் துடைத்து, அந்தக் கறை போகாமல் சந்தியாகுவிடம் பேச்சு வாங்கினாள்.

ஹெட் ஆபீசில் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. தாம்லே சாகேப் காலையிலேயே ஃபோர்ட்டுக்குப் போய்விட்டார். முதல் நாள் மாலை ஷ்யாமளா போன் செய்திருந்தாள்.

"ரெண்டு லைனோட மணிக்கணக்கையும் அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன். தசராவுலேர்ந்து எத்தனாவது நாள்னு போட்டதும் கம்ப்யூட்டரும் ஒத்துண்டுடுத்து. ஆனா அவா கம்ப்யூட்டருக்கு ரொம்பச் செலவழிச்சிருக்கா. பலகைக்கு மரம் மட்டுந்தான். செலவழிச்சவாளுக்குச் செலவழிச்சதுதான் ஒசத்தியாத் தெரியும். அதான் பயமா இருக்கு."

"நீங்க எந்தப் பக்கம் பேசுவீங்க?"

"கணக்கு இருக்கிற பக்கம். முடிஞ்சதும் நானே போன் பண்றேன். ரெண்டு மணிக்குள்ள."

இரண்டு மணி ஆனது. தாம்லே சாகேபின் கண்ணாடி அறைக்குள் கறுப்புப் போன் அசையாமல் இருந்தது. ஏஞ்சலம்மாள் அதன் ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதற்குள் அவர்கள் கூப்பிட்டிருந்தால் என்ற பயத்தில் சட்டென்று வைத்தாள். இரண்டே கால். டைப்பிங் பிரிவில் நாற்காலி உயரம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மன்சூர் அலி வாசலில் வந்து நின்றான்.

"எக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

"போனுக்கு உக்காந்திருக்கேன் மன்சூரு."

"போனு ஓடியா போவுது? ஷிப்ட் மாறப் போவுது, சீக்கிரம் வாங்க."

போனாள். முதல் லைனின் நடுத்தூணில் ஒரு பலகை மாட்டியிருந்தது. இரண்டு வரிசை, இருபத்திரண்டு குழல்கள். குழல்களைக் கொஞ்சம் கோணலாக அடித்திருந்தார்கள். ஆனால் பலகைக்கு நீலப் பெயின்ட் எல்லாம் அடித்து, அவளுடைய பலகையைவிடச் சீராக்கப் பார்த்திருந்தார்கள். லைன் ஆட்கள் மொத்தமும் சுற்றி நின்றது. மன்சூர் அலி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். உள்ளே கழுவித் துடைத்த சில்லுகள்.

"யாரு கேட்டு இதை மாட்டினீங்க? ஹெட் ஆபீசுல இன்னும் சொல்லலியே. காகிதம்தான்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

"காகிதம் புதன்கெழமதோறும் வரட்டும், யாரு வேண்டாங்கா. மெசினு வெள்ளிக்கெழமையும் ஓடுதுல்லா." மன்சூர் அலி பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் நீட்டினான். "எங்களுக்குக் கோடு எங்க போடணும்னு தெரியாது. அது உங்க கைக்குத்தான் தெரியும். ஷிப்ட் முடியச் சில்லு போடணும். போடுங்க."

பிச்சையா இரண்டாவது லைனிலிருந்து வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பலகையைத் தட்டிப் பார்த்தார். "கொழலு கோணலு."

"படிச்ச லைனு அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்" என்றான் மன்சூர் அலி.

ஏஞ்சலம்மாள் நோட்டை எடுத்துவரச் சொல்லவில்லை. எண்கள் அவளுக்கு மனப்பாடம். பிரஷைச் சிவப்பில் தோய்த்து, விளிம்பில் வழித்துவிட்டு, முதல் குழலில் நாலு விரலை அளந்து கோடு போட்டாள். இரண்டாவது. மூன்றாவது. பற்றவைக்கும் மெசினின் குழலுக்கு வந்து இரண்டு விரலை வைத்தபோது, கண்ணாடி அறைக்குள் போன் அடித்தது.

லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கை பாதிக் கோட்டில் நின்றது.

"போனு அடிக்கு ஏஞ்சலு" என்றார் பிச்சையா.

"கேக்குது அண்ணாச்சி."

மூன்று மணிச் சங்கு ஊதியது. பத்து விநாடிக்குள் இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். பாதியில் எடுத்தால் கோடு இரண்டாகத் தெரியும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷை நேராக இழுத்து முடித்து, அடுத்த குழலுக்கு நகர்ந்தாள். மன்சூர் அலி டப்பாவிலிருந்து ஒரு சில்லை எடுத்து, ஈரக் கோட்டில் படாமல் தன் மெசினின் குழலில் மேலிருந்து விட்டான். அது அடியில் போய் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. உள்ளே போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.